ஒரு மணிப் பள்ளம்

பாத்து, பாத்து அண்ணாச்சி, கண்ணாடி. கால்ல இடிச்சிட்டேனா? மன்னிச்சுக்கிடுங்க. மேல வச்சா பஸ் ஆடுத ஆட்டத்துக்கு விழுந்திரும், கீழ வச்சா யாராவது மிதிச்சிருவாங்க. மடியிலதான் வச்சிக்கிடணும். நீங்களும் சங்கரன்கோயிலா? நல்லதாப் போச்சு. பேச்சுத்துணைக்கு ஆளில்லாட்டி இன்னைக்கு எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்.

சாமி படம் இல்லை. எல்லாரும் அதான் கேக்காங்க. கண்டக்டரும் கேட்டாரு, கோயிலுக்கு நேர்த்திக்கடனான்னு. இது ஒரு கோடு. வெள்ளைப் பேப்பர்ல ஒரு கோடு நேரா வந்து, நடுவுல பள்ளமா இறங்கி, ரொம்ப நேரம் கழிச்சு மறுபடி ஏறுது. அவ்வளவுதான். அந்தப் பள்ளத்துக்கு என் பேரு வச்சிருக்காங்க. சிவசைலம் பள்ளம். இங்கிலீஷ்ல சிவசைலம் டிப். ஜப்பான்ல போயிச் சொன்னாலும் தெரியும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தெரியும்.

நாளைக்கு ஒரு கூட்டம். அதுல என் வீட்டுக்காரி வந்து ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டா நான் பொழச்சேன். சொல்லலைன்னா நான் செஞ்ச வேலை, வாங்கின பேரு, எல்லாம் குப்பை. அவ சங்கரன்கோயில்ல தம்பி வீட்டுல இருக்கா. எப்பப் போனாளா? அது ஆச்சு, இருபது வருஷம். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லை. போனா, வரலை. அந்தக் கதையை விடுங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

நான் ஸ்பேஸ் பிசிக்ஸ். ராக்கெட் விடுதவன்னு நெனச்சிராதிய. ராக்கெட்டுக்கு ஆயிரம் பேரு இருக்காங்க. நான் பாத்தது வேற. இந்தா, இந்த மானூர் ரோட்டுல நாம போறோம்லா, நம்ம தலைக்கு மேல நூறு கிலோமீட்டர் உசரத்துல இப்ப ஒரு கரண்ட் ஓடிக்கிட்டிருக்கு. கம்பி கிடையாது, ஒண்ணும் கிடையாது, வெறும் ஆகாசத்துல. சூரியன் ஏற ஏறக் கூடும், மத்தியானம் உச்சிக்கு வரும், சாயங்காலம் வடிஞ்சிரும். உலகத்துல ஒரு ஒல்லியான பட்டையிலதான் அது இவ்வளவு பலமா ஓடுது. அந்தப் பட்டை நம்ம திருநெல்வேலிச் சீமை மேலதான் போகுது. எவ்வளவு பெரிய பாக்கியம்! இங்க யாருக்காவது தெரியுமா? அல்வாவைத்தான் தெரியும்.

அதைக் கண்ணால பாக்க முடியாது. ஆனா கரண்ட் ஓடினா அதைச் சுத்தி காந்தம் உண்டாகும். அந்தக் காந்தத்தைத் தரையிலயிருந்து அளக்கலாம். அதுக்குத்தான் ஊருக்கு வெளிய உடைமரக் காட்டுக்குள்ள ஒரு நிலையம். ஒரு குடில்ல கருவி இருக்கும். தள்ளி இன்னொரு ரூமுல ஒரு பேனா பேப்பர்ல கோடு போட்டுக்கிட்டே இருக்கும். குடில்ல ஒரு ஆணிகூட இரும்பு கிடையாது, எல்லாம் பித்தளை. அவ்வளவு நுணுக்கமான கருவி. உங்க இடுப்புல தொங்குதே சாவிக்கொத்து, அதோட நீங்க குடிலுக்குப் பக்கத்துல போனா போதும், பேனா ஆடிரும். அதனால எங்களுக்கு ஒரே சட்டம்: வேலிக்கு உள்ள இரும்பு வரக்கூடாது. சைக்கிள், பெல்ட், செருப்புல அடிச்ச லாடம், எதுவும் கூடாது. வேலைக்குச் சேந்த அன்னைக்கி என் பேனாக்கத்தியைப் பிடுங்கி வச்சாங்க. நான் அதுக்கு மேல போனேன். கல்யாணம் ஆனதும் ஆவுடைகிட்ட முதல் வேலையா அவ சேலையில குத்தியிருந்த ஊக்கைத்தான் கழட்டச் சொன்னேன். அவ என்ன நெனச்சாளோ, முகமெல்லாம் சிவந்துபோச்சு. கொண்டை ஊசியும் கூடாதுன்னேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அலுமினியத் தூக்கு வாங்கிக் குடுத்தேன். அவ்வளவு சுத்தம் அண்ணாச்சி நான். என்னைப் பாத்து இன்னைக்கி ஒருத்தி இரும்பைப் பத்திப் பாடம் எடுக்கா.

சொல்லுதேன், வரிசையாச் சொல்லுதேன்.

கேண்டீன் சாப்பாடு எனக்கு வயித்துக்கு ஆகாது. அம்மா சொல்லிட்டாங்க, எம் புள்ளைக்கு வீட்டுச் சோறு போகணும்னு. ஆவுடைக்கு ஒரு மொபெட் வாங்கிக் குடுத்தேன். அந்தக் காலத்துல, எங்க சாதியில, எந்தப் பொம்பளை மொபெட் ஓட்டினா? நான் வாங்கிக் குடுத்தேன். முன் கேட்டுல வந்து நிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். அங்க ஆபீசு, டைரக்டர் ரூமு, பியூன், எல்லாரும் பாப்பாங்க. பின்பக்கம் கிளுவை வேலி, அதுக்கு வெளிய ஒரு பெரிய உடைமரம். அந்த மரத்தடியில நில்லு, நான் வந்து வாங்கிக்கிடுதேன்னேன். வேலிக்கு வெளியதானே? வேலிக்கு வெளிய நிக்கிறது எங்க சட்டத்துல வராது.

ஆமா, கருவிக் குடிலும் பின்பக்கம்தான். ரோட்டுலயிருந்து தள்ளி இருக்கணும்னு அங்க கட்டினாங்க. அதுக்கென்ன இப்ப? நீங்களும் அந்தப் பாடம் எடுக்கவளை மாதிரியே பாக்கிய.

முதல் ஒரு வருஷம் நானே போயி வாங்கிக்கிடுவேன். அப்புறம்தான் அண்ணாச்சி, அதைக் கண்டுபிடிச்சேன். உச்சிக்கு ஏறின கோடு ஒரு மணி வாக்குல திடீர்னு இறங்குது. துளியூண்டு. எறும்பு கடிச்ச மாதிரி. கொஞ்ச நேரம் கிடந்துட்டு மறுபடி ஏறிருது. முதல்ல கருவியில கோளாறுன்னு நெனச்சேன். பிரிச்சு மாட்டினேன். மறுநாளும் ஒரு மணிக்கு இறங்குது. ஆகாசத்துல ஓடுத கரண்ட்டுல யாரும் பாக்காத ஒரு விஷயம், எனக்கு மட்டும், இந்த உடங்காட்டுல உக்காந்திருக்க சிவசைலத்துக்கு மட்டும் தெரியுது. அந்த நேரம் எப்படி அண்ணாச்சி ரூமை விட்டு எந்திரிச்சுப் போவேன்? நீங்களே சொல்லுங்க. பேனாவுக்கு முன்னால உக்காந்துக்கிடுவேன். அது ஏறுத வரைக்கும் அசையமாட்டேன். அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது. உள்ள சூடு கூடிக் குறையக்கூடாதுன்னு அடைச்சுக் கட்டினது.

வரவர அது வளந்துச்சு. முதல்ல பத்து நிமிஷம் இருந்தது அரைமணி ஆச்சு, முக்கால் மணி ஆச்சு. சில நாள் ஒரு மணி நேரம். ஏறி முடிஞ்ச பிறகு வெளிய வருவேன். வந்து பாத்தா தூக்கை வேலிக் கொப்புல மாட்டிட்டுப் போயிருப்பா. சோறு ஆறிப்போயிருக்கும். கொஞ்சம் பொறுத்திருந்து குடுத்துட்டுப் போனா என்ன? அவ குணம் அப்படி. எனக்குச் சொல்லணும்னு எவ்வளவு இருக்கும், இன்னைக்கி பள்ளம் இவ்வளவு நேரம் நின்னுச்சு ஆவுடைன்னு. ஆளிருக்கமாட்டா.

அடுத்ததைக் கேளுங்க. இதுதான் எனக்குப் பேரு வாங்கிக் குடுத்தது. அந்தப் பள்ளம் எல்லா நாளும் வராது. மாசத்துல ஒரு மூணு நாள் வராது. அடுத்த மாசமும் மூணு நாள். இருபத்தேழு நாளைக்கு ஒருக்கா, இல்லாட்டி இருபத்தெட்டு. சூரியன் தன்னைத்தானே ஒரு சுத்து சுத்துத கணக்கு, பூமியிலயிருந்து பாத்தா இருபத்தேழு நாள்! சூரியனுக்கும் என் பள்ளத்துக்கும் தொடர்பு இருக்கு. எழுதி அனுப்பினேன். வெளிநாட்டுப் பத்திரிகையில போட்டாங்க. அப்பதான் என் பேரை வச்சாங்க. ஒரு ஆளுக்கு உசிரோட இருக்கையிலயே அது கிடைக்கிறது லேசு இல்லை.

அப்புறம் ஒரு வருஷம் அதிசயம். ஏழு மாசம், ஒரு நாள் விடாம வந்துச்சு. அந்த மூணு நாள் இடைவெளிகூட இல்லை. மழையில வந்துச்சு, சித்திரை வெயில்ல வந்துச்சு. அதுக்குத் தனியா ஒரு கட்டுரை எழுதினேன். அதைப் படிச்சிட்டுத்தான் ஜப்பான்லயிருந்து கூப்பிட்டாங்க. அந்த ஏழு மாசம் ஏன் அப்படின்னு ரொம்பப் பெரிய விவாதம். பிறகு சட்டுனு நின்னுபோச்சு. ஆவுடைக்கு வளைகாப்பு முடிஞ்சு அவ சங்கரன்கோயிலுக்குப் போயிட்டா. வீட்டுலயும் சாப்பாட்டுக்குக் கஷ்டம், ஆகாசத்துலயும் ஒண்ணும் இல்லை. எனக்கு அப்ப ரொம்ப மோசமான காலம்.

பொம்பளைப் பிள்ளை. நான் ஜப்பான்ல இருக்கும்போது பிறந்துச்சு. தங்கலை. தகவல் வந்தப்போ மறுநாள் என் பேச்சு. பேசி முடிச்சிட்டுத்தான் வந்தேன். உடனே வந்தா மட்டும் என்ன செய்ய முடியும், நீங்க சொல்லுங்க. எல்லாம் அடக்கம் பண்ணியாச்சு. அவ அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நல்ல மனசு. கொஞ்ச மாசத்துல திரும்பி வந்துட்டா. அவ வந்த மறுநாளா, அதுக்கு அடுத்த நாளா, ஒரு மணிக்குப் பேனா இறங்குச்சு. நான் அந்த ரூமுல உக்காந்து அழுதேன் அண்ணாச்சி. ஏங்கி ஏங்கி அழுதேன். திரும்ப வந்துட்டியேன்னு அந்தக் கோட்டைப் பாத்து அழுதேன்.

தண்ணி இருக்கா? இருந்தா ஒரு வாய் குடுங்க.

இது தேவர்குளமா? இந்தக் கரண்ட் எடுக்குத காத்தாடியைப் பாருங்க, எத்தனை டன் இரும்பு. எங்க போனாலும் எனக்கு இரும்புதான் கண்ணுல படுது. வியாதி.

இப்ப அந்தப் பாடம் எடுக்குத ஜெசிந்தா கதை. தூத்துக்குடிப் பிள்ளை. என்கிட்டதான் படிச்சா. நான்தான் அவளுக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தேன். இப்ப அந்த நிலையத்துக்கு அவதான் பொறுப்பு. எனக்கு ஒரு பாராட்டு மலர் போடுதோம் சார்ன்னா. சந்தோஷமா இருந்துச்சு. மலர்ல குடும்பத்தைப் பத்தி ரெண்டு பக்கம் வேணுமாம். அதுக்காக சங்கரன்கோயில் போயி ஆவுடையைப் பாத்திருக்கா. என்கிட்ட கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேன்லா?

போன மாசம் வீட்டுக்கு வந்தா. உக்காரச் சொன்னா உக்காரலை. நின்னுக்கிட்டே, "சார், அம்மா தினம் பின்பக்க வேலிகிட்டதான் நிப்பாங்களாமே"ன்னா.

"ஆமா, சாப்பாடு கொண்டாருவா"ன்னேன்.

"எத்தனை மணிக்கு சார்?"

"ஒரு மணிக்கு."

சொல்லும்போதுகூட எனக்கு ஒண்ணும் தோணலை அண்ணாச்சி. சத்தியமாத் தோணலை. அவ முகத்தைப் பாத்துத்தான் என்னமோ மாதிரி ஆச்சு. குரலைத் தாழ்த்திக்கிட்டு, "சார், இருபத்தேழு நாள் விஷயம் நான் கேக்கலை, அவங்களே சொன்னாங்க. மாசத்துல மூணு நாளு மாமியா சோத்தைத் தொடவிடமாட்டாவ, அந்த மூணு நாளுதான் எனக்கு லீவுன்னு சொல்லிச் சிரிச்சாங்க சார்"ன்னா.

கொஞ்சம் பக்கத்துல வாங்க, முன்னால பொம்பளைங்க இருக்காங்க. என்ன பேச்சு இது? சூரியன் சுத்துத கணக்கை வீட்டு விலக்குக் கணக்குன்னு சொல்லுதா! என் வாழ்நாள் ஆராய்ச்சியை! வெளிய போன்னு சத்தம் போட்டேன். அவ போகலை. அழுதுக்கிட்டே சொல்லுதா, "நீங்களே உங்க கையால எழுதி வாபஸ் வாங்கிருங்க சார். அதுதான் உங்களுக்கு மரியாதை. வேற யாரும் எழுதக்கூடாது."

மறுவாரம் என்னை நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனா. எங்கயோ ஒரு பழைய மொபெட்டைப் பிடிச்சிட்டு வந்து அந்த உடைமரத்தடியில நிறுத்தச் சொன்னா. மரம் இன்னும் இருக்கு. நான் பேனாவுக்கு முன்னால உக்காந்திருந்தேன். இறங்குச்சு. அதே அளவு. வண்டியை எடுக்கச் சொன்னா. ஏறுச்சு.

அதனால என்ன? இடி இடிச்சாலும் சத்தம் கேக்கும், பட்டாசு வெடிச்சாலும் சத்தம் கேக்கும். பட்டாசு வெடிச்சுக் காட்டிட்டு இடியே கிடையாதுன்னு சொல்லுவியான்னு கேட்டேன். நாளைக்கு வெளியூர்லயிருந்து பெரிய ஆளுங்கல்லாம் இதை விசாரிக்க வாராங்க. அவங்க முன்னால ஆவுடை வந்து, நான் முன் கேட்டுலதான் சாப்பாட்டைக் குடுப்பேன், பின்பக்கம் போனதே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. ஜெசிந்தா பேச்சு எடுபடாது. பொய்யா? இவ்வளவு வருஷம் கழிச்சு யாருக்கு அண்ணாச்சி ஞாபகம் இருக்கும், எந்தக் கேட்டுன்னு?

நேத்து போன் பண்ணினேன். மச்சினன் எடுத்தான். "அத்தானா?"ன்னான், அக்காவைக் கூப்பிடப் போயிட்டான். அவனுக்கு என் மேல கோவம். அவ போன புதுசுல ஒருக்கா வீட்டுக்கு வந்து சுவத்தைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "எங்க அக்கா படம் ஒண்ணுகூட இந்த வீட்டுல இல்லை. இந்தக் கோட்டைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கிய"ன்னு சத்தம் போட்டுட்டுப் போனவன். அறிவில்லாதவன்கிட்ட என்னத்தைச் சொல்ல?

பிறகு ஆவுடை வந்தா. குரல் அப்படியே இருக்கு. சுகமான்னுகூட நான் கேக்கலை, அவசரம் பாருங்க. விஷயத்தைச் சொன்னேன். கார் வச்சுக் கூட்டிட்டுப் போயிட்டுத் திரும்பக் கொண்டாந்து விட்டுருதேன், ஒரே வார்த்தைதான்னேன்.

அவ கேட்டா, "அப்பம் அந்தக் கோடு நாந்தானா?"

"நீ இல்லை. அதைத்தானே சொல்லச் சொல்லுதேன்"ன்னேன்.

அதுக்கு அவ சொன்னா, "சொல்லுதேன். நான் அங்க நின்னதே இல்லைன்னு சொல்லுதேன். நீங்கதான் வந்து பாக்கலியே. பிறகு நான் நின்னா என்ன, நிக்காட்டி என்ன." வச்சிட்டா.

பாத்தியளா, எவ்வளவு லேசா ஒத்துக்கிட்டா! என் பேரு தப்பிச்சுது. நான் குதிக்கணும்லா? குதிக்கலை. சாப்பிட உக்காந்தேன். எதிர்த்த சுவத்துல இது தொங்குது. இந்தா, இதுதான், மடியில இருக்கது.

இது எந்த நாளுன்னு சொல்லலை பாருங்க. இதுதான் கடைசிப் பள்ளம். எங்க அம்மா போய்ச் சேந்து காரியமெல்லாம் முடிஞ்ச சமயம். ஒரு மணிக்கு இறங்குச்சு. ரெண்டு மணிக்கு ஏறலை. நான் ஓடிப்போயி ஆபீசுல எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன். அந்தச் சின்ன ரூமுல அத்தனை பேரு, மூச்சு விட இடமில்லை. மூணு மணிக்கும் ஏறலை. டைரக்டரே என் தோளைத் தட்டினாரு. நாலு மணிக்குத்தான் ஏறுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. என் வாழ்க்கையில அதுமாதிரி ஒரு நாள் கிடையாது அண்ணாச்சி. அன்னைக்கி எல்லாரையும் விட்டுட்டு வேலிக்கு ஓடினேன், ஆவுடைகிட்ட சொல்லணும்னு. தூக்கு கொப்புல தொங்குச்சு. மொபெட்டு சாவி தூக்குக்குள்ள, சோத்துக்கு மேல இலை போட்டு, இலை மேல. வண்டியை உருட்டியே கொண்டுபோயி வீட்டு வாசல்ல நிறுத்தியிருந்தா. அவ சங்கரன்கோயில் பஸ் ஏறியாச்சு.

அதுக்கப்புறம் பள்ளம் வரவே இல்லை. இருபது வருஷம் தேடினேன். புதுக் கருவி வாங்கிப் போட்டேன், இடத்தை மாத்திப் பாத்தேன், டெல்லிக்கு நடையா நடந்தேன், அது ஏன் போச்சுன்னு கேட்டு உலகம் பூரா எழுதினேன். சூரியனைக் குறை சொன்னேன். ரிட்டயர் ஆன பிறகும் தினம் போயி ஒரு மணிக்கு அந்த ரூமுல உக்காருவேன். பியூன் சிரிப்பான். ஏன் போச்சு, ஏன் போச்சுன்னு ராவும் பகலும் அது ஒண்ணுதான்.

அவ ஏன் போனா? அதை நான் யார்கிட்டயும் கேக்கலை.

மூணு மணி நேரம் அண்ணாச்சி. அந்த உடைமரத்துல என்ன நிழல் இருக்கும்? வண்டியைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே நின்னிருக்கா. நான் எட்டி நடந்தா பாத்திருக்கலாம். அந்த மூணு மணி நேரத்துல எப்ப வெளிய வந்திருந்தாலும் பாத்திருக்கலாம். நாங்க அத்தனை பேரும் உள்ள இருந்து கை தட்டிக்கிட்டிருந்தோம்.

இல்லை, இல்லை. அப்படி இல்லை. அப்படின்னு நான் ஒத்துக்கலை. அதுக்குத்தானே இதைக் கழட்டிக் கொண்டு போறேன். சாட்சின்னா பொருளைப் பாத்துட்டுத்தான் சொல்லணும். இதை அவ கையில குடுத்து, நல்லாப் பாத்து இது நான் இல்லைன்னு சொல்லுன்னு கேக்கப்போறேன். அவ சொல்லணும் அண்ணாச்சி. அவ சொல்லலைன்னா என் பேரு போச்சு.

சொல்லிட்டா?

அன்னைக்கி மச்சினன் கேட்டான்லா, அக்கா படம் எங்கன்னு. அவன் இதுக்கு நேர் முன்னாலதான் நின்னு கேட்டான். அவளைப் பத்தி என்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான் அண்ணாச்சி. இதைப் பாத்து அவ இது நான் இல்லைன்னு சொல்லிட்டான்னா, நான் வெறும் சுவத்தைப் பாத்துக்கிட்டு எப்படி அந்த வீட்டுல இருப்பேன்?

வந்துருச்சா? இதுவா பஸ் ஸ்டாண்டு? இருங்க, தள்ளாதிய, எறங்குதேன். இதை வச்சுக்கிட்டுக் கம்பியைப் பிடிக்க முடியலை. நீங்க முன்னால எறங்கி இதைக் கொஞ்சம் வாங்கிக்கிடுங்க.

ரெண்டு கையாலயும் பிடிங்க அண்ணாச்சி. பாத்து.